ஒரே தாளில் நாலு பக்கச் செய்திமடல்

சனசமூக நிலையத்துக்கோ கமக்காரர் அமைப்புக்கோ செய்திமடல் அடிக்கிறீர்களா? ஏ4 தாளைக் கிடையாக வைத்து நடுவால் மடியுங்கள், ஒரே தாளில் நாலு பக்கம் வரும். வெளிப்புறத்தில் இடது பாதி 4ஆம் பக்கம், வலது பாதி 1ஆம் பக்கம். உட்புறத்தில் 2, 3. வெறும் தாளொன்றை மடித்துப் பென்சிலால் எண் போட்டுப் பார்த்தால் குழம்பாது.

பக்கத்துக்கு ஒரு தாளாக ஒருபுறம் மட்டும் அடித்தால் 100 வீட்டுக்கு 400 தாள் போகும்; இப்படி 100 தாளே போதும். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், படலையில் செருகிவிட்டும் வரலாம். போட்டோக்கொப்பிக் கடையில் 'குறுகிய விளிம்பில் திருப்புங்கோ' என்று கட்டாயம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உட்புறம் தலைகீழாக விழும். ஒரு பிரதியை மடித்துப் பார்த்த பிறகே மிச்சத்தை அடிக்க விடுங்கள்.

திகதி முக்கியமான செய்திகளை 4ஆம் பக்கத்தில் போடுவது என் விருப்பம். இரணைமடுக் குளத்தில் சிறுபோக நெற்செய்கைக்குத் தண்ணீர் திறக்கும் நாள், வாய்க்கால் துப்புரவு, கூட்ட நேரம் இவையெல்லாம் அங்கேதான். மடலை ஆணியில் கொளுவினால் அந்தப் பக்கம் வெளியே தெரியும், பிரிக்கவே தேவையில்லை.

படங்கள் நிறைய இருந்தால் இது சரிவராது. சின்ன அளவில் கொப்பி எடுக்கும்போது முகங்கள் கறுத்துவிடும். எழுத்தின் அளவை 12 புள்ளிக்குக் கீழே குறைத்துத்தான் செய்தியை அடக்க முடியும் என்றாலும் வேண்டாம். வயதானவர்களுக்கு வாசிக்க முடியாமல் போகும், அப்போது இன்னொரு தாள் சேர்த்துவிடுங்கள்.