ராக்டைம் ஆனி: பிடிலில் வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸ் பிடில்காரர் எக் ராபர்ட்சன் 1922-ல் நியூயார்க்கில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்கு வாசித்துப் பதிவுசெய்த மெட்டுகளில் 'ராக்டைம் ஆனி' என்ற ஆட்ட மெட்டும் ஒன்று. கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் அந்தப் பதிவைக் கேளுங்கள். அதில் மூன்று பகுதிகள் இருக்கும்.

இன்று பலரும் செய்யும் பெரிய தவறு, அந்த மூன்றாம் பகுதியை விட்டுவிடுவதுதான். முதல் இரண்டும் டி மேஜர், மூன்றாவது ஜி மேஜர். நம் முறையில் சொன்னால், மத்தியமத்தையே சட்ஜமமாக எடுத்துக்கொண்டு வாசிப்பது. ராக்டைம் என்பது அழுத்தம் எடுப்பு மாறி விழும் பழைய அமெரிக்க இசைவகை. அதன் பல பியானோ உருப்படிகளிலும் பாதியில் சுருதி இப்படித்தான் மத்தியமத்துக்கு மாறும். மெட்டின் பெயரில் இருக்கிற ராக்டைம் இங்கேதான் நன்றாகத் தெரிகிறது. அதை வெட்டிவிட்டு இரண்டு பகுதிகளையே சுற்றிச்சுற்றி வாசிப்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை.

மூன்றாம் பகுதியை வாசிப்பவர்களும் ஓரிடத்தில் சறுக்குவார்கள். டி மேஜரில் ஏ தந்தியில் இரண்டாம் விரல் சி ஷார்ப்பில் நிற்கும். ஜி-க்குப் போனதும் அது அரைச் சுரம் இறங்கி, முதல் விரலை ஒட்டி உட்கார வேண்டும். மேஜர் என்பது நம் சங்கராபரணம்; விரலை இறக்க மறந்தால் அது கல்யாணியாகிவிடும்! அந்த விரலை மட்டும் தனியாகச் சாதகம் செய்யுங்கள்.

கர்நாடக வயலின் கற்றவர்கள் ச-ப-ச-ப சுருதியிலேயே இதை முயல வேண்டாம். தந்திகளை ஜி, டி, ஏ, ஈ என்று கூட்டிக்கொள்ளுங்கள். கமகமும் வேண்டாம், சுரம் நேராக நிற்கட்டும்.

அடுத்தது வேகம். ராக்டைமை வேகமாக வாசிப்பது ஒருபோதும் சரியல்ல என்று ராக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்லின் தன் இசைத்தாள்களிலேயே அச்சிட்டார். 'ராக்டைம் ஆனி' ஆட்டத்துக்கான மெட்டு என்பதால் கொஞ்சம் விறுவிறுப்பு தேவைதான். ஆனாலும் காலால் நிதானமாகத் தட்ட முடியாத வேகம் கூடாது. கால் சம அடியில் போக, வில்லின் அழுத்தம் இடையிடையே எடுப்பு மாறி விழ வேண்டும். எட்டுச் சுரங்களை 'தகிட தகிட தக' என்று பிரித்துச் சொல்லிப் பழகினால் அந்த இழுவிசை கைக்கு வந்துவிடும். எல்லாச் சுரத்துக்கும் ஒரே அழுத்தம் கொடுத்தால் அது வெறும் விரல் பயிற்சி.

முழு வில்லையும் இழுக்காதீர்கள். வில்லின் நடுப்பகுதியில் சில அங்குலம் போதும். தோளை விட மணிக்கட்டு அதிகம் அசையட்டும். கூடவே கிட்டார் வாசிப்பவரிடமும் ஒன்று சொல்லிவையுங்கள்: முதல் பகுதியில் ஏ கார்டுக்கு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுக்கு) போனபின் அங்கே வெகுநேரம் தங்க வேண்டும், அவசரப்பட்டு டி-க்குத் திரும்பக் கூடாது.