பழைய டிராக்டரை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் வட்டாரத்தில் பழைய பெட்ரோல் டிராக்டரைப் பேணி வைத்திருப்போர், 6 வோல்ட் பேட்டரிக்குக் கடை கடையாக அலைவதைவிட 12 வோல்ட்டுக்கு மாறிவிடலாம் என்று எண்ணுவது நியாயமே. ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று கருதுவதில்தான் சேதம் தொடங்குகிறது.

முதலில் எர்த், அதாவது வண்டியின் உலோகச் சட்டமான சேசிஸில் இணையும் பேட்டரி முனை, எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். 1947 முதல் 1952 வரை தயாரான ஃபோர்டு 8என் போன்ற வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே சேசிஸில் இணைந்திருக்கும். அதை அப்படியே விட்டு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்த ஆல்டர்னேட்டரைப் பொருத்தினால், இணைத்த நொடியிலேயே அதிலுள்ள, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் கருகிவிடும். எர்த்தை மாற்றியதும் எஞ்சினுக்குப் பொறி தரும் காயிலின் இரு வயர்களையும் ஆம்பியர் மீட்டரின் வயர்களையும் இடம் மாற்றிப் பூட்ட வேண்டும். காயிலில் இதை மறந்தால் பொறி வலுக்குறையும்.

அடுத்தது காயில். ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் அடிக்கடி நின்றுவிடும் டிராக்டரின், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தபோது, காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் முனைகள் நீலம் பாய்ந்து கருகியிருந்தன; காயிலைக் கையால் தொட முடியவில்லை. ஏறத்தாழ 1.5 ஓம் தடையுள்ள 6 வோல்ட் காயில் 4 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட் கொடுத்தால் அதுவே 8 ஆம்பியராகிறது. காயிலுக்கு முன் 1.5 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும், அல்லது 3 ஓம் அளவுள்ள 12 வோல்ட் காயிலைப் போட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பொறி மங்கிவிடும் என்பதால், மேலே ஒட்டிய சீட்டை நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்துவிடுவதே நல்லது. பொறிக் காயிலே இல்லாத டீசல் வண்டிகளில் இந்தத் தொல்லையே இல்லை.

பழைய செல்ஃப் மோட்டார் 12 வோல்ட்டிலும் ஓடும். ஆனால் மலைக்குளிரில் விடியற்காலையில் எஞ்சின் எடுக்கவில்லை என்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் சுருள் வெந்துபோகும்; வேகம் கூடியதால் மோட்டாரின் சிறு பற்சக்கரமான பினியனின் பற்கள் ஃப்ளைவீல் பற்களில் மோதித் தேய்வதும் உண்டு. சில வினாடி அழுத்தி, நிறுத்தி, ஆறவிட வேண்டும்.

பல்புகள் அனைத்தையும் மாற்றியே ஆக வேண்டும். மின்சாரத்தில் இயங்கும் எரிபொருள் மீட்டருக்கு வோல்ட்டேஜ் குறைப்பான் தேவை. அதே வாட் சுமைக்கு ஆம்பியர் பாதியாகக் குறைவதால், உறை வெடிக்காத பழைய தடித்த வயர்கள் தாராளமாகப் போதும்.

எல்லாம் முடிந்தபின் சாவியைத் திருப்பியும் எஞ்சின் அணையாவிட்டால், ஆல்டர்னேட்டரிலிருந்து சுவிட்சுக்கு வரும் மெல்லிய வயர் வழியாகக் காயிலுக்கு மின்சாரம் திரும்பி வருகிறது என்று பொருள். அந்த வயரில் ஒரு டயோடை, அதன் கோடு போட்ட முனை ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்குமாறு பொருத்தினால் எஞ்சின் அணையும்.