கேரேஜ் கதவைத் தூக்குவது மோட்டார் இல்லை

அமெரிக்காவில் வீடு பார்க்கப் போகும் நம்மவர்கள் கிச்சன் கிரானைட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், பள்ளிக்கூடம் எப்படி என்று விசாரிப்பார்கள். கேரேஜ் கதவை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வீட்டில் அசைகிற பொருட்களிலேயே பெரியதும் கனமானதும் அதுதான். இரண்டு கார் நிற்கும் கேரேஜ் என்றால் சில கதவுகள் நூறு கிலோவைத் தாண்டும்.

அந்தக் கனத்தை மோட்டார்தான் தூக்குகிறது என்று நினைப்பது முதல் தவறு. மற்ற பல தவறுகளுக்கும் இதுதான் வேர். கதவுக்கு மேலே குறுக்குத் தண்டில் முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங்தான் எடையைத் தாங்குகிறது. மோட்டார் லேசாக இழுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கும் இது தெரியாது. ஒரு ஜனவரி ராத்திரி கேரேஜுக்குள் அணுகுண்டு வெடித்த மாதிரி சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் எதுவும் விழுந்திருக்கவில்லை. காலையில் பட்டனை அழுத்தினேன். கதவு நாலு விரற்கடை எழும்பி நின்றுவிட்டது. மோட்டார் போய்விட்டது என்று புதிதாக ஒன்று ஆர்டர் செய்ய உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்பிரிங் சுருளின் நடுவே இரண்டு அங்குல இடைவெளி. அறுந்திருந்தது.

சாதாரண ஸ்பிரிங்கை ஏறத்தாழ 10,000 தடவை திறந்து மூடுவதற்கென்றே செய்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை என்றால் ஏழு வருஷத்துக்குள் கணக்கு முடிந்துவிடும். மாற்றும்போது ஆயுள் கூடியதாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான். ஆனால் யூடியூப் பார்த்து நீங்களே இறங்காதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங்கில் ஸ்க்ரூடிரைவரைச் செருகித் தளர்த்தப் பார்த்தால் அது கையையோ முகத்தையோ பதம் பார்த்துவிடும். கதவின் அடி மூலையில் கேபிள் மாட்டியிருக்கும் பிராக்கெட்டும் அப்படித்தான், அதன் போல்ட்டைத் தொடவே கூடாது.

கதவு கனக்கிறது என்று அதிக பவர் மோட்டார் வாங்குவது, மோட்டாரின் ஃபோர்ஸ் செட்டிங்கைக் கூட்டுவது, இரண்டும் நோயை மறைக்கிற வேலை. கதவை முழுக்க மூடிவிட்டு, தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து விடுவியுங்கள். கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி, மெல்லப் பிடியைத் தளர்த்துங்கள். அப்படியே நின்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. கீழே இறங்கினால் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். கதவு மேலே இருக்கும்போது மட்டும் அந்தக் கயிற்றை இழுக்காதீர்கள். ஸ்பிரிங் அறுந்திருந்தால் மொத்த எடையும் தடதடவென்று வந்து விழும்.

சின்ன விஷயங்கள் சில. தண்டவாளத்தில் கிரீஸ் பூசினால் தூசி சேர்ந்து சக்கரம் சிக்கும். அதைத் துடைத்தால் போதும். கீல், சக்கரத்தின் பேரிங், ஸ்பிரிங் இவற்றுக்கு மட்டும் சிலிகான் அல்லது லித்தியம் ஸ்ப்ரே அடியுங்கள். ரிமோட் திடீரென்று பக்கத்தில் வந்தால்தான் வேலை செய்கிறதா? மோட்டாரில் எல்இடி பல்பு மாற்றினீர்களா என்று யோசியுங்கள், சில பல்புகள் சிக்னலைக் கெடுக்கும். பனிக்காலத்தில் அடி ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டியிருந்தால் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காமல் ஐஸை விடுவியுங்கள். மாடியில் படுக்கையறை இருந்தால் செயினுக்குப் பதில் பெல்ட் மோட்டார் வாங்குங்கள், சத்தம் குறையும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது சென்சார் விஷயம். கதவின் இருபுறமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் இரண்டு கண்கள் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்கும். நடுவே ஏதாவது குறுக்கிட்டால் இறங்கும் கதவு திரும்ப ஏறிவிடும். கதவுக்கடியில் சிக்கிக் குழந்தைகள் செத்த பிறகுதான் சட்டம் வந்தது. 1993 முதல் தயாராகும் மோட்டார்களுக்கு இப்படி ஒரு கூடுதல் பாதுகாப்பு கட்டாயம். கதவு பாதி இறங்கித் திரும்ப ஏறினால் பெரும்பாலும் கண்ணில் ஒட்டடை, அல்லது சைக்கிள் இடித்து அது திரும்பியிருக்கும். சாயங்கால வெயில் நேராக விழுந்தாலும் இப்படி ஆகும். துடைத்து, எதிரெதிரே பார்க்கும்படி திருப்பினால் தீர்ந்தது. தொல்லை என்று இரண்டையும் கழற்றி நேருக்கு நேர் டேப் போட்டுக் கட்டி வைத்த ஒரு வீட்டைப் பார்த்தேன். அந்த வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது.

மாதம் ஒருமுறை கதவுக்கடியில் ஒன்றரை அங்குல மரக்கட்டையைப் படுக்க வைத்து மூடிப் பாருங்கள். கட்டையில் பட்டதும் கதவு மேலே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆள் வந்து சரிசெய்யும்வரை கையாலேயே திறந்து மூடுங்கள்.