விளம்பர ஏஜென்சியில் வக்கீலுக்கு என்ன வேலை? மதுரைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

“அக்கா, நீங்க எந்தக் கோர்ட்டுல ப்ராக்டிஸ் பண்றீங்க?” என்று சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எந்தக் கோர்ட்டிலும் இல்லை. ஒரு பன்னாட்டு விளம்பர ஏஜென்சியின் சட்டப் பிரிவில் இருக்கிறேன். லீகல் எக்ஸிகியூட்டிவாகச் சேர்ந்தேன், இப்போது மேலாளர். தலைமையகம் கடல் தாண்டி, இந்திய அலுவலகம் மும்பையில், நான் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் திருநகர் வீட்டு மாடியில். இந்த வேலைக்கு எப்படி வருவது, வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். ஒரு விளம்பரம் வெளியே போவதற்கு முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். அதில் சொல்லியிருப்பது உண்மையா, அதை நிரூபிக்க முடியுமா என்பது ஒன்று. அதில் இருக்கிற முகம், பாட்டு, படம், எழுத்துரு எல்லாம் நம் கைக்கு முறையாக வந்ததா என்பது மற்றொன்று. க்ளையன்ட் ஒப்பந்தம், ரகசியக் காப்பு ஒப்பந்தம், இன்ஃப்ளூயன்சர் ஒப்பந்தம் என்று காலையிலிருந்து மெயிலில் வந்து விழுவதெல்லாம் இந்த இரண்டில் ஏதோ ஒன்றில் போய் முடியும்.

சொன்னதை நிரூபிப்பது

முடி எண்ணெய் ஸ்கிரிப்ட் ஒன்று வந்தது. கடைசி வரி: “30 நாளில் முடி உதிர்வு நிற்கும்.” இதைப் பார்த்ததும் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்புவது சுலபம். அப்படிச் செய்கிறவர்களுக்கு அடுத்த ஸ்கிரிப்ட் வராது. நேராகப் படப்பிடிப்புக்குப் போய்விடும். அதனால் நான் ஆதாரம் கேட்டேன். யார் சோதித்தார்கள், எத்தனை நாள், எதை அளந்தார்கள், இப்போது விற்கிற அதே எண்ணெய்தானா?

க்ளையன்ட் அனுப்பிய அறிக்கையில் சோதனை எட்டு வாரம் நடந்திருந்தது. அளந்தது, சீவும்போது உடைந்து சீப்பில் தங்கும் முடியை. அது குறைந்திருந்தது, நிற்கவில்லை. ஆக ‘30 நாள்’ போயிற்று, ‘நிற்கும்’ போயிற்று. வேரோடு விழுகிற முடியைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை கிடையாது. “தொடர்ந்து தேய்த்துவந்தால், சீவும்போது முடி உடைந்து உதிர்வது குறையும்” என்று எழுதிக் கொடுத்தேன். விளம்பர வாசகம் எழுதும் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. “இது பல்லு போன பேச்சாட்டம் இருக்குக்கா” என்றான். அளந்தது சீப்பைத்தானே, சீப்பை வைத்தே எழுதிப் பார் என்றேன். அரை மணி நேரத்தில் “சீப்பப் பாத்தா சிரிப்பு வரும்” என்று வந்தது. என் வரி கீழே விளக்கமாகவும், அவன் வரி மேலே தலைப்பாகவும் போயிற்று. வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: எதைச் சொல்லக் கூடாது என்பதோடு நிறுத்தாமல், எதுவரை சொல்லலாம் என்று இடம் காட்டுவது.

இதற்குப் பின்னால் இருக்கிற சட்டங்களைச் சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அதன் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்; மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைத்த பிரபலத்துக்கு ஒரு வருஷம் வரை தடை விதிக்கலாம், மறுபடி என்றால் மூன்று வருஷம் வரை. 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகள் ஏஜென்சியையும் பெயர் சொல்லியே உள்ளே கொண்டுவருகின்றன. ‘க்ளையன்ட் சொன்னார், நாங்கள் செய்தோம்’ என்று கையை விரிக்க முடியாது. இது போக, தொழில்துறை தானே 1985-இல் அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர மன்றம் இருக்கிறது. நாங்கள் ‘ஆஸ்கி’ என்போம். அதன் நெறிமுறையையும் புகார்களின் மேல் அது எடுத்த முடிவுகளையும் படியுங்கள். பாடப்புத்தகத்தை விட அதில் விஷயம் அதிகம்.

2022 நெறிகளில் ஒரு விதியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரக் குறி போட்டுக் கீழே தரும் விளக்கம், மேலே எந்த மொழியில் வாக்குறுதி தந்தோமோ அதே மொழியில் இருக்க வேண்டும். மும்பையிலிருந்து வரும் லேஅவுட்டில் தலைப்பு தமிழிலும், நிபந்தனை பொடி எழுத்தில் இங்கிலீஷிலும் இருப்பது சர்வ சாதாரணம். அதைப் பிடிக்கிற ஆள் அலுவலகத்தில் தேவை. பிடித்தால் மட்டும் போதாது, தமிழில் வேறு எழுதித் தர வேண்டும். மதுரைக்காரருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறினாலும் இந்த இடத்தில் மவுசு இருக்கிறது. இந்தியில் ஒழுங்காக இருந்த வரி தமிழுக்கு வரும்போது ‘உதவும்’ என்பது ‘குணமாக்கும்’ என்று ஆகிவிடும். அதைத் தமிழ் தெரியாத சட்டப் பிரிவு பார்க்கவே முடியாது.

‘ஒரே’, ‘முதல்’, ‘நம்பர் 1’ மூன்றையும் கண்டால் நின்று பாருங்கள். 2008-இல் கோல்கேட், ஆங்கர் பற்பசை விளம்பரத்தின் மேல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சண்டை ‘ஒரே’, ‘முதல்’ என்ற இரண்டு சொற்களின் மேல்தான். அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று இடைக்காலத் தடை வந்தது. தீர்ப்பு நீளமானது. ஆனாலும் முழுதும் படியுங்கள், வியாபாரத்தில் தன் சரக்கைப் புகழ்வது எதுவரை, அடுத்தவனை மட்டம் தட்டுவது எங்கிருந்து என்று அலசியிருக்கிறது.

மருந்து சமாச்சாரத்துக்கு 1954-ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம். சர்க்கரை, புற்றுநோய், கண்புரை, சிறுநீரகக் கல் எல்லாம் அதன் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரமே செய்யக் கூடாது. நம் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதே யாருக்கும் தெரியாது போல. கோச்சிங் சென்டர் விளம்பரங்களுக்கு 2024 நவம்பரில் தனி நெறிகள் வந்தன: தேறிய மாணவரின் படத்தைப் போட, அவர் தேறிய பிறகு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்; அவர் எந்த வகுப்பில் சேர்ந்தார் என்றும் சொல்ல வேண்டும். சேரும்போதே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம் செல்லாது.

முகமும் பாட்டும் யாருடையது

வாசனைப் பொருள் பிராண்ட் ஒன்றுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் படம் எடுத்தோம். பூக் கட்டும் ஓர் அம்மாவின் கையும் முகமும் வேண்டும். வெளிநாட்டு அலுவலகம் அனுப்பிய சம்மதப் படிவம் இங்கிலீஷில் மூன்று பக்கம்; ‘என்றென்றைக்கும், பிரபஞ்சம் முழுவதும், எல்லா ஊடகத்திலும்’ என்று இருந்தது. நான் அதைத் தமிழில் ஒரு பக்கமாக்கி வாசித்துக் காட்டினேன். அந்த அம்மா நாரை விரலிலிருந்து எடுக்கவே இல்லை.

“இதுல கையெழுத்துப் போட்டா எத்தன வருசத்துக்குப் போடுவீக தாயி?”

“ரெண்டு வருசம்மா.”

“எங்கிட்டெல்லாம் வரும்? எம்பேரன் துபாய்ல இருக்கான், அவன் பாப்பானா?”

அங்கேதான் நான் நின்றேன். பிராண்ட் துபாயிலும் விற்கிறது. ஆனால் அந்த அம்மாவுக்குப் பேசிய தொகை இந்தியாவுக்கு மட்டும். தயாரிப்பாளரைக் கூப்பிட்டு, வளைகுடா நாடுகளையும் சேர்த்துத் தொகையை ஏற்றிய பிறகுதான் கையெழுத்து. எத்தனை வருஷம், எந்தெந்த ஊர் என்ற இந்த இரண்டையும்தான் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவும் கேட்கிறது. உரிமையை எழுதி வாங்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருஷம், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். லண்டன் அலுவலகம் கொடுத்த ஒப்பந்த வார்ப்புருவில் கோடிட்ட இடத்தை நிரப்பாமல் விட்டால், இந்தியாவைத் தாண்டி ஓடும் விளம்பரத்துக்கு உரிமை இருக்காது.

இன்னொன்று. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், விளம்பரப் படம் இவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் வெளியாள் ஒருவர் எழுதித் தந்த ஜிங்கிள், அதாவது விளம்பரப் பாட்டு வரிகளுக்கு இது பொருந்தாது. பில் கட்டியதாலேயே வரிகள் நமதாகிவிடாது. கையெழுத்தோடு எழுதி வாங்க வேண்டும். பழைய சினிமாப் பாட்டு வேண்டும் என்றால் ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, மெட்டுக்கும் வரிகளுக்கும் வேறு உரிமை. க்ளையன்ட் கூட்டத்தில் பாட்டைப் போட்டுக்காட்டி எல்லோரும் தலையாட்டிய பிறகு இதைச் சொன்னால் கேட்கமாட்டார்கள், அதற்கு முன்னாலேயே சொல்லுங்கள்.

பிரபலத்தின் முகத்துக்கு 2012-ஆம் வருஷத்து டைட்டன் வழக்கைப் படியுங்கள். டைட்டனின் தனிஷ்க் நகை விளம்பரத்துக்காக எடுத்த அமிதாப், ஜெயா பச்சன் படத்தை முசாஃபர்நகர் நகைக்கடை ஒன்று தன் ஹோர்டிங்கில் போட்டுக்கொண்டது. டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்தது. தெருவுக்குத் தெரு ஃபிளெக்ஸில் நடிகர் முகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இதில் வழக்குப் போட என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். நம் ஊர்ப் பெயர்களிலும் கவனம் வேண்டும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேறு ஊர்ப் பூவைக் காட்டி அந்தப் பெயரைப் போட முடியாது.

எப்படி உள்ளே நுழைவது

மும்பை, குருகிராம், பெங்களூரு ஏஜென்சிகளின் வேலை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். டபிள்யூபிபி, பப்ளிசிஸ், டென்ட்சு போன்ற பெரிய குழுமங்களின் தளத்தில் நேராகவும் தேடலாம். படிக்கும்போதே சென்னையில் வணிகச் சின்னம், பதிப்புரிமை பார்க்கிற வக்கீலிடம் ஒரு விடுமுறையாவது இன்டர்ன்ஷிப் போங்கள். உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவு அங்கேதான் இருக்கிறது. நம் மதுரைக் கிளையில் அந்த வழக்குகளைப் பார்ப்பது அரிது. படித்து முடித்துப் பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்ததும், கொஞ்ச காலம் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருப்பது நல்லது என்பது என் கருத்து. நோட்டீஸ் வந்தால் கை நடுங்காமல் பதில் எழுத அங்கேதான் பழகும்.

விண்ணப்பத்தோடு அனுப்ப ஒன்று தயார் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பேப்பரிலிருந்து நாலைந்து விளம்பரங்களை வெட்டி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன வாக்குறுதி, என்ன ஆதாரம் கேட்பீர்கள், எந்தச் சட்டம், வரியை எப்படி மாற்றுவீர்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். ஆள் எடுக்க உட்காரும்போது நான் மார்க் ஷீட்டுக்கு முன்னால் தேடுவது இதைத்தான். மாற்றி எழுதிய வரி கடைக்காரர் வாயில் வருகிற தமிழாக இருந்தால் நேர்காணலுக்குக் கூப்பிடுவேன். அரசாணைத் தமிழாக இருந்தால் யோசிப்பேன்.

வேலை உறுதியானால் பார் கவுன்சில் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. இந்திய பார் கவுன்சில் விதி 49-இன்படி, முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. சேர்ந்ததும் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். வேலையை விட்டுத் திரும்ப வந்தால் மீண்டும் தொடங்கிக்கொள்ளலாம். வீட்டில் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ‘வக்கீல் சன்னது போச்சா?’ என்று என் அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நிறுத்திவைத்த கடிதத்தின் நகலை ஃபைலில் போட்டு வையுங்கள், ஹெச்ஆர் கேட்பார்கள்.