டிராக்டரில் பனி அள்ளுவது எப்படி: சரளைப் பாதை வைத்திருப்பவர்களுக்கு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஒரிலியாவுக்குப் பக்கத்தில் நாங்கள் வீடு வாங்கியபோது வாசலிலிருந்து சாலைவரை 120 மீட்டருக்குச் சரளைப் பாதை. ஜூலையில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. டிசம்பரில் ஒரே இரவில் 30 சென்டிமீட்டர் பனி விழுந்தது. மறுநாள் காலை கணக்குப் போட்டேன். பாதையின் அகலம் மூன்றரை மீட்டர், ஆக 126 கன மீட்டர் பனி. புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று குறைத்து வைத்தாலும் பன்னிரண்டரை டன். வீட்டில் இருந்தது இரண்டு சவள்.

இந்தப் பக்கம் இவ்வளவு கொட்டுவதற்கு ஹியூரான் ஏரியின் ஒரு பகுதியான ஜார்ஜியன் விரிகுடா காரணம். குளிர்காலத் தொடக்கத்தில் ஏரித் தண்ணீர் இன்னும் முழுதாக ஆறியிருக்காது. அதன்மேல் வடமேற்கிலிருந்து கடுங்குளிர் காற்று வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் சில நாட்களுக்குள் ஒரு மீட்டருக்கு மேல் விழுந்து, நெடுஞ்சாலை 11-ஐயே மூடினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் டிராக்டர் வைத்துக்கொள்வது அவசியம்தான். அதை வாங்கிய முதல் குளிர்காலத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். டிராக்டர் ஓட்டத் தெரியும், கியரும் பிரேக்கும் எங்கே இருக்கின்றன என்று தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எதை வாங்குவது

என்னிடம் இருப்பது 25 குதிரைத்திறன் கொண்ட சின்ன டிராக்டர். நான்கு சக்கர இழுவை, ஹைட்ரோஸ்டாட்டிக் கியர் (எண்ணெய் அழுத்தத்தால் வண்டியை நகர்த்துவது), முன்னால் லோடர் பக்கெட், பின்னால் ஐந்தடி ஸ்னோ புளோயர், அதாவது பனியை உள்ளே இழுத்துத் தூர வீசும் கருவி. கியர் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: பனி அள்ளத்தான் என்றால் ஹைட்ரோஸ்டாட்டிக் வாங்குங்கள். எஞ்சினை முழு வேகத்தில் சுற்றவிட்டு, வண்டியை மட்டும் எறும்புபோல நகர்த்த அதில்தான் சுலபம். அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

புளோயரின் அகலம் டிராக்டரின் பின் டயர்களின் வெளி அகலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் டயர் பனியை மிதித்து இறுக்கிவிடும். மிதிபட்ட பனி மறுநாள் ஐஸ். திறனுக்கு எல்லோரும் சொல்லும் கணக்கு, அடிக்கு ஐந்து குதிரைத்திறன். இது பிடிஓ-வில், அதாவது மாட்டிய கருவியைச் சுற்றவைக்கும் டிராக்டரின் சுழல்முனையில், வரும் திறன், எஞ்சின் அட்டையில் எழுதியிருப்பது அல்ல. பிடிஓ-வுக்கு வருவது அதைவிடக் குறைவு.

முன்னால் மாட்டும் புளோயர் வசதியானது, கழுத்து வலிக்காது. ஆனால் விலை அதிகம், அதற்கு டிராக்டரின் நடுவயிற்றில் ஒரு பிடிஓ வேண்டும், புல்வெட்டித் தட்டையும் கழற்ற வேண்டும். பின்னால் மாட்டுவது எளிமை, விலையும் குறைவு. ஒரே குறை, ரிவர்ஸில் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்க வேண்டும். இருபது நிமிட வேலைதான் என்றால் பின்புளோயரே போதும் என்பேன்.

கியூபெக்கில் மூன்றாவது வகை ஒன்றைப் பார்க்கலாம். பின்னால்தான் மாட்டுவது, ஆனால் புளோயரின் வாய் டிராக்டரைப் பார்த்தபடி இருக்கும், முன்னோக்கி ஓட்டியே அள்ளலாம். மான்ட்ரியால், ஒட்டாவா வீதிகளில் ஒப்பந்தக்காரர்கள் வீடுவீடாகப் போய்க் கண்ணிமைக்கும் நேரத்தில் டிரைவ்வேயைச் சுத்தம் செய்வது இதை வைத்துத்தான். பனியை வீசும் இயந்திரமே அந்த மண்ணில் உருவானதுதானே! ஆர்தர் சிகார் 1925-இல் செய்து, 1927-இல் மான்ட்ரியாலை ஒட்டிய ஊட்ரமோன் நகரத்துக்கு முதல் இயந்திரத்தை விற்றார்.

நவம்பரிலேயே முடிக்க வேண்டியவை

தரை உறையும் முன் பாதையின் இரு ஓரமும் குச்சி நடுங்கள். ஃபைபர் குச்சி, ஆரஞ்சு நிறம், ஒளி பட்டால் மின்னுவது. உறைந்த பிறகு குச்சி இறங்காது. கிணற்று மூடி, புரோபேன் தொட்டி, செப்டிக் நிலம் (வீட்டுக் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் இடம்) ஆகியவற்றுக்கும் தனியாக நடுங்கள். செப்டிக் நிலத்தின்மேல் டிராக்டரை ஏற்ற வேண்டாம். அங்கே தளர்வாகக் கிடக்கும் பனி போர்வை மாதிரி. அதை மிதித்து இறுக்கினால் உறைபனி மண்ணுக்குள் ஆழமாக இறங்கிவிடும்.

டீசலைக் குளிர்கால டீசலாக மாற்றிவிடுங்கள். கோடை டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைக்கும். அதற்கான மருந்தைத் திரளும் முன்பே ஊற்ற வேண்டும், திரண்ட பிறகு ஊற்றிப் பெரிய பயனில்லை. எஞ்சினைச் சூடேற்றும் மின்கருவியான பிளாக் ஹீட்டரைப் புறப்பட இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சொருகிவிட்டால் எஞ்சின் மறுபேச்சில்லாமல் கிளம்பும். மூடிய ஷெட்டுக்குள் வைத்து எஞ்சினைச் சூடாக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை.

அப்புறம் எடை. நம்மூரில் பிடிமானத்துக்காகப் பின் டயரில் தண்ணீர் ஏற்றுவோம். இங்கே அது உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல், பீட்ரூட் சாறில் செய்த திரவம், கார் கண்ணாடி கழுவும் உறையாத் திரவம் என்று மூன்று வழி உண்டு. கால்சியம் குளோரைடு கசிந்தால் ரிம் துருப்பிடிக்கும், அதனால் நான் அதைத் தொடவில்லை. பின் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாயம். ஐஸ் மேல் நான்கு சக்கர இழுவையும் வழுக்கும். கட்டிய பின் சங்கிலிக்கும் மட்கார்டுக்கும் இடையே கை நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று டயரைச் சுற்றிப் பாருங்கள்.

பிடிஓ ஷாஃப்ட்: இங்கே நிதானமாக இருங்கள்

என்னைத் தடுக்கிவிட்டது இந்தப் படிதான். பிடிஓ-வையும் புளோயரையும் இணைக்க, புதுப் புளோயரோடு வந்த ஷாஃப்டை அப்படியே மாட்டினேன். விற்றவர் எதுவும் சொல்லவில்லை. புளோயரை மெதுவாகத் தூக்கினேன். பாதி உயரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், லிஃப்ட் அப்படியே நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஷாஃப்டின் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று முழுக்க ஏறி, இனி நுழைய இடமில்லாமல் டிராக்டரையும் புளோயரின் கியர்பாக்ஸையும் எதிரெதிராக முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு வாரத்தில் கியர்பாக்ஸ் சீல் வழியாக எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது.

காரணம் எளிது. ஷாஃப்ட் எல்லா டிராக்டருக்கும் பொருந்துகிற மாதிரி நீளமாகத்தான் வரும். நம் வண்டிக்கேற்ப அறுத்துக்கொள்ள வேண்டும். நம்மூரில் ரொட்டவேட்டர் மாட்டியவர்களுக்கு இது பழகிய வேலை. அதே 540 சுற்று பிடிஓ, அதே மாதிரி ஷாஃப்ட்.

செய்யும் முறை இது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை டிராக்டரிலும் மறு பாதியைப் புளோயரிலும் மாட்டுங்கள். டிராக்டரின் பிடிஓ முனையும் புளோயரின் முனையும் ஒரே நேர்கோட்டில் வரும் உயரத்தில் புளோயரை நிறுத்தி, அடியில் கட்டை முட்டுக் கொடுங்கள். இரண்டு முனைக்கும் தூரம் மிகக் குறைவாக இருப்பது பெரும்பாலும் அந்த உயரத்தில்தான். இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். எந்தக் குழாய் நுனியும் எதிர்ப்பக்கத்தில் முட்டுவதற்கு 3 சென்டிமீட்டராவது முன்னால் நிற்க வேண்டும். அதற்கு எவ்வளவு அதிகம் இருக்கிறதோ அதுதான் அறுக்க வேண்டிய அளவு.

அந்த அளவை நான்கு இடத்தில் குறியுங்கள்: உள்குழாய், வெளிக்குழாய், இரண்டு பிளாஸ்டிக் உறைகள். நான்கிலும் ஒரே அளவு. அறுக்கும் முன் புளோயரை முழுக்க இறக்கியும் முழுக்க ஏற்றியும் தூரத்தை அளந்துவிடுங்கள். அதிகத் தூரத்திலும் இரண்டு குழாயும் ஒன்றுக்குள் ஒன்று குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சரியா? இப்போது ஹாக்சா எடுங்கள். கிரைண்டர் வேகமாக அறுக்கும், ஆனால் சூட்டில் பிளாஸ்டிக் உறை இளகிவிடும். நான் ஹாக்சாவோடுதான். அறுத்த விளிம்பை உள்ளும் வெளியும் அரத்தால் ராவி, விரலை வைத்துத் தடவினால் பிசிறு தட்டாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரும்புத் தூளைத் துடைத்து, உள்குழாய் முழுக்க கிரீஸ் தடவி மாட்டினால், ஒரு கையால் இழுத்தால் வர வேண்டும், தள்ளினால் போக வேண்டும்.

பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது சுற்று. கழுத்தில் சுற்றிய மஃப்ளரின் நுனி மாட்டினால் கையை உதறக்கூட நேரமிருக்காது.

*பின்சேர்க்கை:* இதைப் படித்த ஒருவர், சரியாக அறுத்த ஷாஃப்ட் பிறகு கழன்று விழுந்தது என்று எழுதினார். விசாரித்தால், இடையில் குவிக் ஹிட்ச் (கருவியைச் சட்டென்று மாட்டிக் கழற்ற உதவும் சட்டம்) வாங்கி மாட்டியிருக்கிறார். அது புளோயரைச் சுமார் 10 சென்டிமீட்டர் பின்னால் தள்ளிவிடும். குவிக் ஹிட்ச் வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் அதை மாட்டுங்கள், பிறகு அளந்து அறுங்கள்.

முதல் பனி: அள்ளாமல் விடுங்கள்

சரளைப் பாதைக்கு மட்டும் இந்த அறிவுரை. தரை இன்னும் உறையாத நேரத்தில் விழும் முதல் சில சென்டிமீட்டரை அள்ளாமல், காரையும் டிராக்டரையும் மேலே ஓட்டி மிதித்து இறுக்குங்கள். அது உறைந்து ஒரு தளமாகிவிடும். அதன்மேல் அள்ளினால் ஜல்லி வராது. தளம் அமையும் முன்பே அள்ளியே ஆக வேண்டுமென்றால், புளோயரின் இரு பக்கமும் தரையில் சறுக்கிப் போகும் ஸ்கிட் ஷூவை இறக்கி, வாய் தரையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தூக்கி நிற்கும்படி வையுங்கள். பின்பிளேடு இருந்தால் அதை 180 டிகிரி திருப்பி, வளைந்த முதுகால் இழுங்கள். சிலர் பிளேடின் விளிம்பில் நீளவாக்கில் கீறிய இரும்புக் குழாயைச் செருகிவிடுவார்கள். நானும் செய்தேன், நன்றாக மிதந்து போகிறது.

இதில் கவனக்குறைவாக இருந்தால் ஏப்ரலில் தெரியும். பாதையின் சரளை பாதி புல்வெளியில் கிடக்கும்.

அள்ளும் நாள்

முதலில், எஞ்சின் அணைந்திருக்கும்போதே ஆகரை, அதாவது முன்வாயில் இருக்கும் சுருளை, ஒரு கட்டையால் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் சரி. நேற்றைய ஈரப்பனி உறைந்து பிடித்திருந்தால் அசையாது. அப்படியே பிடிஓ-வைப் போட்டால் ஷியர் போல்ட், அதாவது சுமை மீறினால் முதலில் ஒடியட்டும் என்று வைத்த போல்ட், ஒடியும்.

அசைந்தால் எஞ்சினைக் குறைந்த வேகத்தில் வைத்துப் பிடிஓ-வைப் போடுங்கள், சுற்ற ஆரம்பித்ததும் 540-க்கு ஏற்றுங்கள். அதன் பிறகு அந்த வேகத்தைக் குறைக்கவே கூடாது. பனி கனமாக வருகிறது, எஞ்சின் திணறுகிறது என்றால் வண்டியின் நகர்வைக் குறையுங்கள். புதிதாக ஓட்டுபவர்கள் பயத்தில் எஞ்சினைக் குறைத்துவிடுவார்கள். அப்போது விசிறி பனியை வீச முடியாமல், பனி வெளியேறும் குழாய் அடைத்துக்கொள்ளும். ஹைட்ரோஸ்டாட்டிக் வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான்.

காற்று போகிற திசையில் வீசுங்கள். பாதையின் ஓரத்தை முதல் புயலிலேயே தேவைக்கு மேல் அகலமாகத் திறந்து வையுங்கள். கரையில் குவிந்தது உறைந்து சுவராகிவிடும், பிப்ரவரியில் அதைத் தள்ள முடியாது. ஒவ்வொரு புயலுக்கும் பாதை ஒரு சாண் குறுகும்.

குழாய் அடைத்தால்: பிடிஓ-வை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, எல்லாம் நின்றுவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகு, குச்சியால் குத்தி எடுங்கள். கையை விடாதீர்கள். அடைப்பு இறுக்கிப் பிடித்திருந்த விசை, விடுபட்டதும் விசிறியைச் சுற்றவைக்கும். எஞ்சின் அணைந்திருந்தாலும் அது விரலை எடுக்கும்.

சாலை முனையில் நகராட்சி வண்டி தள்ளிவிட்டுப் போகும் வரப்பு தனி வேலை. அது புதுப்பனி இல்லை, இறுகிய கட்டி. உறையும் முன்பே லோடர் பக்கெட்டால் எடுங்கள், புளோயரை அதில் நுழைக்காதீர்கள். வீட்டிலிருந்து சாலையைப் பார்த்து நின்றால், உங்கள் இடப்பக்கம் சாலையோரமாக ஒரு பாக்கெட் மாதிரிக் கொஞ்ச இடத்தைக் காலியாக்கி வையுங்கள். இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் பனிவண்டி இடமிருந்துதான் வரும். சுமந்து வருவதில் பெரும்பகுதியை அந்தக் காலி இடத்தில் கொட்டிவிட்டு உங்கள் வாசலைக் கடக்கும். உங்கள் பனியைச் சாலையில் தள்ளவோ எதிர்ப்பக்கம் கொண்டுபோய்க் குவிக்கவோ வேண்டாம். அனுமதியில்லாமல் சாலையில் பனியைப் போடுவதை ஒன்டாரியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடுக்கிறது.

ஷியர் போல்ட் பற்றி இன்னும் கொஞ்சம்

இந்தப் பதிவுக்கு அதிகம் வந்த கேள்வி, 'போல்ட் அடிக்கடி ஒடிகிறதே, கடினமான போல்ட் போட்டால் என்ன?' என்பதுதான். அந்தப் போல்ட் ஒடிவதற்காகவே வைத்தது. அது ஒடியாவிட்டால் அடுத்து உடைவது கியர்பாக்ஸ். கையேட்டில் என்ன தரம் எழுதியிருக்கிறதோ அதையே பத்து வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு, இரண்டு ஸ்பேனரோடு டிராக்டரிலேயே வைத்திருங்கள். இருட்டில், மைனஸ் 20-இல், ஷெட்டுக்கு நடக்க வேண்டாம். அடிக்கடி ஒடிகிறது என்றால் காரணத்தைத் தேடுங்கள். எழுதியவர்களில் ஒருவருக்குப் பனியில் புதைந்த கால்மிதி, இன்னொருவருக்கு வீசியெறியப்பட்ட செய்தித்தாள் கட்டு. ஈரத்தில் ஊறி உறைந்த செய்தித்தாள் மரக்கட்டைக்குச் சமம்.

முடித்த பிறகு

புளோயரை ஒரு நிமிடம் வெறுமனே சுற்றவிட்டால் உள்ளே ஒட்டிய பனி பறந்துவிடும். குழாயின் உட்புறம் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். டீசல் டாங்கை நிரப்பி வையுங்கள். புளோயரைத் தரையில் இறக்காமல் இரண்டு பலகையின் மேல் இறக்குங்கள். போன ஜனவரியில் ஒருநாள் அவசரத்தில் பலகையை மறந்தேன். ஸ்கிட் ஷூ இரண்டும் தரையோடு உறைந்துபோய், காலையில் ஒரு மணி நேரம் வெந்நீர் ஊற்றி எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது பலகைகள் ஷெட் வாசலிலேயே, கண்ணில் படுகிற மாதிரி ஆணியில் தொங்குகின்றன.