‘சல்லி வென் கரலா தியெனவா’: அமைச்சரிடம் நிதி பற்றிக் கேட்கும்போது விடும் தவறுகள்

போன மாதம் ஓர் ஊடகச் சந்திப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் எழுந்து, தன் ஊர் நூலகத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் சேர் என்று கேட்டார். அமைச்சருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பக்கத்தில் இருந்தவர் நீட்டிய தாளைப் பார்த்து ஒரு தொகையை வாசித்தார். தம்பி அதை எழுதிக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்தார். எனக்குத் தலையில் கைவைக்கத் தோன்றியது. இருபது வருஷத்துக்கு முன் நானும் இதே கேள்வியைத்தான், இதே திருப்தியோடு கேட்டேன்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே இதை எழுதத் தொடங்கினேன். போனைச் சத்தமில்லாமல் வையுங்கள், பேனை இரண்டு கொண்டுபோங்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அவை தானாகப் பழகிவிடும். கேட்பவர் பத்திரிகையாளராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவருக்கும், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எழுந்து நிற்கிற சனசமூக நிலையத் தலைவருக்கும் இதே பொறிகள்தான்.

ஆள் மாறிக் கேட்பது

வெள்ளவத்தையில் காலி வீதியில் குழி விழுந்தால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பாடு. அதே இடத்தில் கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒழுங்கையில் விழுந்தால் கொழும்பு மாநகர சபையின் பாடு. ஒழுங்கை ஓரத்து வடிகான் மாநகர சபையுடையது. அது போய் விழுகிற கால்வாயைப் பார்ப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். தேசிய வைத்தியசாலைக்கு மத்திய சுகாதார அமைச்சு பொறுப்பு. மாநகர சபை தனியாக மருந்தகங்கள் நடத்துகிறது. பாடசாலையிலும் இந்தக் கதைதான். நாட்டின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகளில் சுமார் 400 மட்டுமே தேசிய பாடசாலைகள், அவை மத்திய கல்வி அமைச்சின் கீழ் வருபவை. மிச்சமெல்லாம் மாகாணத்துக்குரியவை.

ஆள் மாறிவிட்டால் அமைச்சருக்கு அதைவிடச் சுகமான பதில் இல்லை. “அது எங்கள் விடயதானத்துக்குள் வராது” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். உங்கள் முறை அதோடு சரி. அடுத்தது உங்களுக்கு எப்போது கிடைக்குமோ.

மாகாண விடயம் என்று தெரிந்தால் யாரிடம் போவது என்பது இன்னொரு சிக்கல். 2019 உடன் ஒன்பது மாகாண சபைகளின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆளுநரும் பிரதம செயலாளரும்தான். வாக்குக் கேட்டு வர வேண்டிய தேவை இல்லாதவரிடம் கேள்வி கேட்பது தனிக் கலை, அதை இன்னொரு நாள் எழுதலாம். ஆனால் மத்திய அமைச்சரை இந்த இடத்தில் முற்றாகத் தப்பவிடவும் வேண்டாம். மாகாணங்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்று நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்கிறது, கொடுப்பது திறைசேரி. “பாடசாலை உங்களுடையதில்லை, சரி. மாகாணத்துக்குப் போக வேண்டிய காசு போய்ச் சேர்ந்ததா?” என்று கேட்டால் அது அவருடைய விடயதானம்தான்.

ஒரே மூச்சில் மூன்று கேள்வி

இலகுவானதுக்கு மட்டும் பதில் வரும்.

“எவ்வளவு ஒதுக்கினீர்கள்?”

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுகிற தவறு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

கொழும்புக்குப் பக்கத்தில் ஓர் உள்ளூராட்சிப் பகுதி. பெயர் வேண்டாம். அங்கே ஒரு தோட்டம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நடுவில் மூடியில்லாத வடிகான். ஐப்பசி மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் நிற்கும். சனம் சும்மா இருக்கவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், மகஜர் கொடுத்தார்கள், மாதம் ஒருமுறை பிரதேச செயலகத்துக்கு ஆறேழு பெண்கள் சேர்ந்து போய் நின்றார்கள். அதிகாரிகளுக்கு அவர்களைக் கண்டாலே தலையிடி என்ற நிலைமை வந்திருந்தது. நல்ல நிலைமை அது.

அந்த நேரம் பார்த்து நான் போய் அமைச்சரிடம் கேட்டேன், அந்த வடிகானுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று. “சல்லி வென் கரலா தியெனவா” என்று சிங்களத்தில் சொன்னார். காசு ஒதுக்கிவைத்திருக்கிறது. தொகையையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் நீங்களும் என்னைப் போல அதை மட்டும் ஞாபகம் வைப்பீர்கள். அடுத்த நாள் மூன்றாம் பக்கத்தில் என் செய்தி, தலைப்பில் அந்தத் தொகை. தோட்டத்தில் யாரோ அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்களாம். கேட்டு எனக்குப் பெருமை.

மார்கழி கழிந்து தை பிறந்தது. ஒரு மண்வெட்டிகூட அந்தப் பக்கம் வரவில்லை. மறுபடி போனபோது ஓர் அக்கா வாசலில் நின்றபடியே கேட்டார்: “தம்பி, நீங்க பேப்பர்ல போட்டதுக்குப் பிறகு நாங்க செயலகத்துக்குப் போறத விட்டுட்டம். காசு வந்துட்டுதுதானே எண்டு. இப்ப போனா, பேப்பர்லயே வந்துட்டுதே, பொறுங்க எண்டு சொல்றாங்க. எங்க அந்தக் காசு?”

என் செய்தியில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அமைச்சரும் பொய் சொல்லவில்லை. ஒதுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண்களை வீட்டுக்கு அனுப்பும் வேலையை அதிகாரிகளால் ஒரு வருஷமாகச் செய்ய முடியவில்லை. நான் முந்நூறு சொல்லில் செய்து முடித்துவிட்டேன்.

ஒதுக்கீடு என்பது என்ன? இந்தத் தலைப்பில் இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று பாராளுமன்றம் கொடுக்கும் அனுமதி. பெட்டியில் இருக்கும் காசில்லை. பாராளுமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தை நிறைவேற்றிய பிறகு நிதியமைச்சர் கையெழுத்திட்டு அதிகாரம் கொடுக்க வேண்டும். பிறகு திறைசேரி தன் கையிருப்பைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசை விட வேண்டும். கணக்குக் கிளைகளில் இதை ‘இம்பிரஸ்ட்’ என்பார்கள். உள்ளூராட்சிக்குப் போகும் காசு என்றால் நடுவில் மாகாணம் என்ற படியும் உண்டு. பிறகு கேள்விப்பத்திரம் (டெண்டர்), ஒப்பந்தம், வேலை, கடைசியில் பில். இதில் எந்தப் படியிலும் காசு நிற்கலாம். டிசம்பர் 31 உடன் அந்த ஆண்டின் செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அதே வடிகான் திரும்பவும் வரும், புதுத் திட்டம் என்ற பெயரில், நீங்களும் திரும்பவும் தலைப்புப் போடுவீர்கள்.

சின்ன வடிகானுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைத்தால், 2023 உள்ளூராட்சித் தேர்தலை எடுங்கள். அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் தேர்தலுக்கென்று 10 பில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. மார்ச் 9 வாக்களிப்பு என்று திகதியும் குறித்தாயிற்று. திறைசேரி காசை விடவில்லை, வாக்குச்சீட்டு அச்சிடும் வேலையே நின்றுபோனது. ஒதுக்கிய பணத்தைத் தடுத்துவைக்கக் கூடாது என்று மார்ச் 3 அன்று உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை போட்டது. அப்படியும் தேர்தல் நடக்கவில்லை. சபைகளின் பதவிக்காலம் அதே மாதம் 19 ஆம் திகதியோடு முடிந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 ஆகஸ்ட் 22 இல். சனம் வாக்குப் போட்டது 2025 மே 6 இல். நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, உயர் நீதிமன்றமே சொல்லியும், ஒதுக்கிய காசு வெளியே வரவில்லை என்றால் உங்கள் ஊர் நூலகத்துக் கூரைக்கு என்ன உத்தரவாதம்?

ஆகவே ‘வென் கரலா’ என்ற சொல் காதில் விழுந்ததும் உட்காராதீர்கள். “கீயக் நிதஹஸ் களாத?” என்று கேளுங்கள். இன்றைய திகதிவரை எவ்வளவு விடுவிக்கப்பட்டது? அதற்குள் செலவானது எவ்வளவு, இன்னும் கட்டாத பில் எவ்வளவு? இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டால் அமைச்சர் செயலாளரைத் திரும்பிப் பார்ப்பார், செயலாளர் கணக்காளரைத் தேடுவார். பல நேரம் பதில் அங்கேயே கிடைக்காது. பரவாயில்லை. “விடுவிக்கப்பட்ட தொகையை அமைச்சரால் சொல்ல முடியவில்லை” என்பதும் எழுதத் தக்க செய்திதான். நான் போட்ட தலைப்பைவிட நல்ல செய்தி.

சிலர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள்: “அண்ணா, ஒதுக்கீட்டையே எழுதக்கூடாதா?” எழுதுங்கள். தலைப்பில் போடாதீர்கள். நான்காவது பந்தியில் வரட்டும்.

எந்த ஆண்டு என்று கேட்காமல் விடுவது

வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் வரும். நவம்பரில் கேட்டால் வரப்போகும் ஆண்டின் தொகையைச் சொல்வார்கள், நீங்கள் நடப்பு ஆண்டென்று நினைத்து எழுதுவீர்கள். ‘மூன்று ஆண்டுத் திட்டம்’ என்றால் இன்னும் மோசம், மூன்றையும் கூட்டிய தொகைதான் வெளியே வரும். மீண்டெழும் செலவினமா (சம்பளம் போல ஆண்டுதோறும் வருவது) மூலதனச் செலவினமா (கட்டடம் போல நிலைத்து நிற்பது) என்றும் பிரித்துக் கேளுங்கள். சம்பளத்துக்குப் போகும் காசைக் காட்டி நூலகத்துக்குச் செலவழிக்கிறோம் என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நூலகருக்குச் சம்பளம் வேண்டும்தான். புத்தகமும் வேண்டும்.

கோடியும் மில்லியனும்

ஒரு கோடி 10 மில்லியன். ஒரு பில்லியன் 100 கோடி. கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சபையின் சொந்தக் காசை மறந்துவிடுவது

எல்லாக் காசும் அமைச்சரிடமிருந்துதான் வருகிறது என்று நினைப்பவர்கள் அதிகம். சோலைவரி, அதாவது வீடு, கட்டடங்களுக்குக் கட்டும் வரி, உள்ளூராட்சி சபையே அறவிடுவது. ஆதன உறுதி எழுதும்போது கட்டும் முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தினூடாகச் சபைக்கு வர வேண்டியவை. சபைத் தலைவர் “மேலிடத்திலிருந்து காசில்லை” என்பார். அமைச்சர் “சபைக்கு வருமானம் இருக்கிறது” என்பார். இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை. அமைச்சரிடம் போகும் முன் சபையில் சோலைவரி நிலுவை எவ்வளவு, மாகாணத்திலிருந்து வர வேண்டிய முத்திரை வரி எவ்வளவு என்று விசாரித்து வைத்துக்கொண்டால் அந்தப் பந்து விளையாட்டு உங்கள் முன்னால் நடக்காது.

பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியை (தன் பகுதியின் சிறு வேலைகளுக்கென்று அவருக்குக் கிடைப்பது) கேட்டு வாங்கினால் போதும் என்று நினைப்பதும் இந்த வகைதான். அது ஒரு நாற்காலிக்கும் ஒரு கூரைத்தகட்டுக்கும் காணும். சேவையை நடத்தக் காணாது.

பிரசங்கம்

உங்கள் கேள்வி நாற்பது விநாடியைத் தாண்டினால் அது கேள்வியில்லை.

“ஆராய்கிறோம்” என்பதை எழுதிக்கொண்டு வருவது

யார் ஆராய்கிறார்? குழுவா, ஓர் அதிகாரியா? அறிக்கை எப்போது? இதைக் கேட்டுவிட்டு, திகதி சொன்னால் அந்தத் திகதியை நாட்காட்டியில் குறியுங்கள். அன்று காலை தொலைபேசி எடுங்கள். திகதி சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்று எழுதுங்கள். பாராளுமன்றத்திலேயே வாய்மூல வினாவுக்கு அமைச்சர்கள் “இரண்டு வாரம் தாருங்கள்” என்று கேட்பது வழமை, இரண்டு வாரம் கழித்து அந்த வினா எங்கே போனதென்று தேடிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

வெறுங்கையோடு போவது

வரவு செலவுத் திட்ட மதிப்பீடுகள் நிதியமைச்சின் இணையத்தளத்தில் இருக்கின்றன. செலவுத் தலைப்பு இலக்கம் (ஒவ்வொரு அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் உரிய எண்), நிகழ்ச்சித்திட்டம் என்று பிரித்திருப்பார்கள். முதல் தடவை பார்க்கும்போது தலை சுற்றும், இரண்டாம் தடவை வழி தெரியும். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளும் உண்டு. அவற்றில் ‘ஒதுக்கீட்டில் பயன்படுத்தப்படாத தொகை’ என்று வரும் வரிகளைத்தான் நான் முதலில் தேடுவேன். அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி கேள்வி கேட்டுப் பாருங்கள். குரலை உயர்த்தத் தேவையே வராது.

ஊடகச் சந்திப்பில் பதில் கிடைக்காத எதையும் அன்றைக்கே தகவல் அறியும் விண்ணப்பமாக எழுதிவிடுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். எந்தப் பிரஜையும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. “நூலகத்துக்கான நிதி பற்றிய விபரம்” என்று பொதுவாக எழுதினால் ஒரு பக்கத்துக்குப் பொதுவான வசனங்கள் வரும். இன்ன வேலைக்கு, இன்ன ஆண்டில், ஒதுக்கியது, விடுவித்தது, செலவழித்தது, நிலுவையில் உள்ள பில்கள் என்று தனித்தனி வரியாகக் கேளுங்கள். பதில் தர 14 வேலைநாள் அவர்களுக்கு உண்டு. எண்ணும்போது போயா நாளையும் விட்டு எண்ணுங்கள். ஒரு நாள் முந்தி மேன்முறையீடு கொடுத்து, அதற்காகவே அது திருப்பி அனுப்பப்பட்டு, நான் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.