ஏற்காட்டு மழைக்கு அம்மாவோட உக்காந்து 'ஹியூமரெஸ்க்' பாக்குறது எப்படி

சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கிற பழைய சினிமா ஸ்டுடியோவோட வளைவைத் தாண்டித்தான் நாங்க ஏற்காட்டுக்கு வண்டி ஏத்துவோம், அதப் பாத்தாலே அம்மா பழைய படக் கதையா ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா ஹாலிவுட் படம்னா மட்டும் "எனக்கு இங்கிலீஷ் புரியாதுடா"ன்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க. 1946ல வந்த ஹியூமரெஸ்க்க மட்டும் 2 மணி நேரமும் அசையாம பாத்தாங்க. எப்படின்னு சொல்றேன்.

முதல்ல கதைய பாதி வரைக்கும் தமிழ்ல சொல்லிடுங்க. வயலின் கலைஞனா நடிக்கிற ஜான் கார்ஃபீல்ட் நியூயார்க்ல மளிகைக்கடைக்காரர் பையன், சின்ன வயசுல அப்பா முடியாதுன்னு சொன்ன வயலின அம்மாதான் வாங்கித் தர்றாங்க. நாயகியா வர்ற ஜோன் க்ராஃபோர்ட் பெரிய பணக்காரி, கல்யாணமானவ, அவதான் இவனக் கைதூக்கி விடுறா. ஜமீன்தாருங்க வித்வான ஆதரிப்பாங்கல்ல அந்த மாதிரி, ஆனா அந்த ஜமீன்தார் ஒரு பொம்பளையா இருந்து வித்வான் மேல மனசையும் வச்சிட்டா என்னாகும்னு கேட்டேன், அம்மா சேர முன்னாடி இழுத்துப் போட்டுட்டாங்க. முடிவ மட்டும் சொல்லிடாதீங்க.

டிவில படத்த இழுத்து முழுசா நிரப்பாதீங்க. அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்ட சதுரமாத்தான் இருக்கும், ரெண்டு பக்கமும் கருப்பு விட்டாத்தான் மூஞ்சி மூஞ்சியா இருக்கும். அசைவ வழுவழுப்பாக்குற செட்டிங் இருந்தா அதையும் ஆஃப் பண்ணிடுங்க. மழைல நெட் போறது சகஜம், அதனால முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.

சவுண்டுதான் இதுல உயிர், தயவுசெஞ்சு டிவி ஸ்பீக்கர நம்பாதீங்க. நான் முதல் தடவ செல்போன்ல பாத்து பாதிலயே விட்டவன், பெரிய ஸ்பீக்கர்ல கேட்டப்பதான் இந்தப் படத்துல வசனத்த விட வயலின்தான் அதிகம் பேசுதுன்னு புரிஞ்சுது. நிஜத்துல வாசிச்சது வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன், அப்ப அவருக்கு இருபத்தி சொச்சம் வயசுதான். கார்ஃபீல்டுக்கு வாசிக்கத் தெரியாது, அதனால க்ளோசப்ல பின்னாடி ரெண்டு பேர் ஒளிஞ்சுக்கிட்டு ஒருத்தர் வில்லு, இன்னொருத்தர் விரலுன்னு பாத்துக்கிட்டாங்க. இத முதல்லயே சொல்லிடாதீங்க, அப்புறம் எல்லாரும் கையவே தேடிக்கிட்டு இருப்பாங்க. நம்ம ஊர்ல தரையில உக்காந்து வயலினோட தலைய கால்ல ஊன்றி வாசிப்பாங்க, இங்க நின்னுக்கிட்டு தாடைல இடுக்கி வாசிக்கிறாங்கன்னு காட்டுங்க, கச்சேரி கேக்குறவங்களுக்கு அதுலயே ஆர்வம் வந்துடும். பக்கத்துல பியானோ வாசிக்கிற நண்பரா வர்ற ஆஸ்கர் லெவன்ட் நிஜமாவே பியானோ கலைஞர்.

தட்டுவடை செட் வாங்கி வச்சிருந்தா நடுவுலயே முடிச்சிடுங்க. கடைசி காமணி நேரத்துல நொறுக்குற சத்தம் வரவே கூடாது. அங்க அவன் மேடைல வாசிக்கிறான், அவ கடலோர வீட்டுல தனியா ரேடியோல கேக்குறா. வாசிக்கிறது ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரோட ட்ரிஸ்டன் அண்ட் இசோல்டேங்கிற ஓபராவுல, அதாவது இசை நாடகத்துல, வர்ற கடைசிப் பாட்டு, காதலன் செத்துக் கிடக்க நாயகி பாடுறது, அத இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் வாக்ஸ்மன் இந்தப் படத்துக்காக வயலினுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் மாத்திக் குடுத்தார். முடிஞ்சா முந்தின நாள் சமைக்கிறப்போ அந்தப் பாட்ட வீட்டுல ஒருதடவ ஓட விடுங்க. காது பழகியிருந்தா, அது ஏறி ஏறி வந்து அடங்குற இடத்துல அவ என்ன முடிவுக்கு வர்றான்னு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்ல.

அப்ப சப்டைட்டில ஆஃப் பண்ணிடுங்க. அம்மா அந்த இடத்துல என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க, படம் முடிஞ்சும் ரொம்ப நேரம் விடல.